வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளும் ஆசிரியர் பயிற்சியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு உள்ள மாணவர்களுக்குக் கற்பிப்பதற்கென்றே, தமிழ் எழுத்தை அடிப்படையாகக் கொண்ட முதுநிலைப் பயிற்சி ஒன்று நம் ஆசிரியர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

மூன்றாம் ஆண்டு வகுப்பில் என்னிடம் ஒரு பையன் படித்தான். தந்தை செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். பாடநூலைக் கொடுத்தால் விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டே தங்குதடையின்றிச் சொல்வான். ஒருநாள் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, நடுவில் இருந்த ‘கொடி’ என்ற சொல்லை மட்டும் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, துணைக்காலை ‘ர’ என்று எண்ணி, ‘கெர... டி’ என்றான். அதுவரை அவன் வாசித்ததெல்லாம் காதால் கேட்டு மனனம் செய்தவை. அத்தனை பாடங்களையும் நினைவில் வைத்திருந்த அந்தப் பிள்ளையின் மதிப்பீட்டு அறிக்கையில் ‘கவனக்குறைவு, முயற்சி போதாது’ என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். அந்த வரி இன்றும் என்னை உறுத்துகிறது.

அறிவுத்திறன் மிக்க 14 வயதுச் சிறுவன் ஒருவனால் எழுத்துக்கூட்டி வாசிக்க இயலவில்லை என்று இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மோர்கன் 1896ஆம் ஆண்டிலேயே எழுதினார். சொல்லை ஒலிகளாகப் பிரித்து, அவற்றை எழுத்தோடு இணைப்பதில்தான் பெரும்பாலும் சிக்கல் இருக்கிறது என்பதும், ஒலியிலிருந்து எழுத்துக்கு ஒழுங்காகவும் படிப்படியாகவும் கண், காது, கை மூன்றையும் ஈடுபடுத்திக் கற்பித்தால் இப்பிள்ளைகள் முன்னேறுவர் என்பதும் பின்னர் தெளிவாயின. ஆனால், அப்படிக் கற்பிக்கும் முறைகளில் புகழ்பெற்றவை ஆங்கிலத்துக்காக உருவானவை. ஆங்கில ‘b’யையும் ‘d’யையும் மாற்றி எழுதும் பிள்ளையைப் பற்றிச் சொல்லித்தரும் பயிற்சி, கொம்பும் காலும் இருபுறமும் நிற்க நடுவில் எழுத்து வரும் ‘கொ’வில் திணறும் பிள்ளையைப் பற்றி என்ன சொல்லும்? ‘கடல்’, ‘அகம்’, ‘தங்கம்’ ஆகிய மூன்றிலும் ஒரே ககரம் வெவ்வேறாக ஒலிப்பதையும், ல, ழ, ள வேறுபாட்டையும், 247 எழுத்துகளை எந்த வரிசையில் கொடுத்தால் சுமை குறையும் என்பதையும் தமிழிலேயே ஆராய்ந்து பாடத்திட்டம் வகுக்க வேண்டும். போதாக்குறைக்கு நம் பிள்ளைகள் முதலாம் ஆண்டிலேயே மலாயையும் ஆங்கிலத்தையும் வேறோர் எழுத்துமுறையில் கற்கிறார்கள். தடுமாற்றம் குறைபாட்டினாலா, மொழிப் பழக்கம் இல்லாததாலா என்று பிரித்தறிவது ஒருநாள் பயிலரங்கில் கைவராது.

2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கல்வி உரிமையை உறுதிசெய்கிறது. எனினும், இப்பிள்ளைகளில் பலர் சிறப்புக் கல்வி வகுப்புக்குப் போகாமல், கண்டறியப்படாமலே வழக்கமான வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு 2021இல் அகற்றப்பட்டபின், மாணவனின் நிலையைக் கணிக்கும் பொறுப்பு ஏறக்குறைய முழுவதும் வகுப்பாசிரியரிடமே வந்துவிட்டது. அவருக்குத் தெரியாவிட்டால் வேறு யார் கவனிப்பார்?

தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழிக் கல்வியும் சிறப்புக் கல்வியும் கற்பிக்கப்படுகின்றன. இவ்விரு துறைகளும் சேர்ந்து, பணியிலுள்ள ஆசிரியர்கள் வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் பயிலக்கூடிய பகுதிநேர முதுநிலைப் படிப்பைத் தொடங்கலாம். ஏட்டுப் படிப்பைவிட, ஒரு மாணவனோடு ஓராண்டு முழுவதும் உட்கார்ந்து கற்பித்து, அதை அனுபவமிக்க ஒருவர் நேரில் பார்த்துத் திருத்துவதே அதில் முதன்மையாக இருக்க வேண்டும். கல்வி அமைச்சு கட்டணத்தை ஏற்று, தோட்டப்புறப் பள்ளிகளின் குறைநீக்கல் வகுப்பு ஆசிரியர்களை முதல் அணியாக அனுப்ப வேண்டும் என்று வேண்டுகிறேன். பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இக்கோரிக்கையைத் தத்தம் மாவட்டக் கல்வி இலாகாவிடம் எழுத்துமூலம் கொடுத்தால் நலம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்