ஆப்பிரிக்க நாவல்களைப் பாடமாக வைக்கும் ஆங்கிலத் துறைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். ‘இனக்குழு மோதலும் திருச்சபையின் பங்கும்’ என்ற தலைப்பில் கேள்வி கேட்டால் மாணவர்கள் எழுதும் விடை முன்கூட்டியே தெரிந்ததுதான்: குடிகள் அடித்துக்கொண்டன, பாதிரி வந்தார், பண்பாடு சிதைந்தது. நாவல்களில் நடப்பது வேறு.

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபியின் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ (1958) இரண்டாம் அத்தியாயத்தைப் பாருங்கள். உமுவோபியா ஊர்ப் பெண் ஒருத்தியை ம்பைனோ ஊர்க்காரர்கள் கொன்றுவிடுகிறார்கள். போரா, ஒரு சிறுவனும் ஒரு கன்னிப்பெண்ணும் ஈடா என்று கேட்கப்படுகிறது. ஈடு வருகிறது, போர் இல்லை. சண்டையை அடக்கும் ஏற்பாடு ஊரிடமே இருந்தது. ஆனால் ஈடாக வந்த அந்தச் சிறுவன் இகெமெஃபுனா பின்னால் கொல்லப்படுகிறான். அந்த ஆறாத கேள்வியோடுதான் நாயகன் ஒக்கொன்கோவின் மகன் நுவோயே தேவாலயத்துக்குப் போகிறான்.

திருச்சபை நுழையும் வாசல் ஊருக்குள்ளேயே இருக்கிறது. 17, 18ஆம் அத்தியாயங்களில் வருபவர்களைக் கவனியுங்கள்: தீட்டெனக் கருதப்பட்ட இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றுப் பெற்றுக் காட்டில் எறியக் கொடுத்த ந்னேகா, பிறகு ஓசுக்கள். ஓசு என்பவர் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவரும் அவர் வழிவந்தவரும். தலைமுடி மழிக்க அவர்களுக்கு அனுமதியில்லை. தேவாலயப் பொறுப்பிலிருக்கும் கியாகா அவர்களிடம் முதலில் சொல்வதே ‘முடியை மழி’ என்பதுதான். நம் மாணவர்கள் உடனே தீண்டாமையை நினைப்பார்கள்; நினைக்கட்டும், ஆனால் ஓசு நிலைக்குத் தொழில் காரணமல்ல என்பதைச் சொல்லிவிடுங்கள். புனிதப் பாம்பைக் கொன்றதாகச் சொல்லப்படும் ஒக்கோலியும் ஓசுதான் என்பதைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பகுதி வெறும் மதவெறிக் கதையாகிவிடும்.

வகுப்பில் இது தவறிப்போவதற்குக் காரணம் நேரப் பங்கீடு. 25 அத்தியாயங்களில் முதல் பாகம் மட்டும் 13. மல்யுத்தம், கிழங்கு, பழமொழி என்று செமஸ்டர் கரைந்து, தேவாலயம் கடைசி வாரத்தில் ஓட்டமாக ஓடுகிறது. முதல் பாகத்துக்கு ஐந்து வகுப்பு போதும். 16 முதல் 22 வரை ஆறு வகுப்பு வையுங்கள். பிரவுனையும் ஸ்மித்தையும் ‘நல்ல பாதிரி, கெட்ட பாதிரி’ ஆக்கிவிடாதீர்கள். பிரவுனின் பள்ளிக்கூடம் ஸ்மித்தின் சினத்தைவிட ஊரை ஆழமாக மாற்றுகிறது.

உண்மையான ஊர்ச்சண்டை வேண்டுமானால் அச்சிபியின் ‘ஆரோ ஆஃப் காட்’ (1964). உமுவாரோவுக்கும் ஒக்பெரிக்கும் நிலத் தகராறு. சண்டையை நிறுத்தித் துப்பாக்கிகளை உடைத்து, நிலத்தை ஒக்பெரிக்குக் கொடுப்பவர் பிரிட்டிஷ் அதிகாரி விண்டர்பாட்டம், பாதிரி அல்ல. திருச்சபைக்கு வாய்ப்பு பிறகு வருகிறது. தலைமைப் பூசாரி எசெயுலு காவலில் இருந்த மாதங்களில் மாதம் ஒன்றாக உண்ண வேண்டிய சடங்குக் கிழங்குகள் மிஞ்சிவிட, புதுக்கிழங்குத் திருவிழாவை அவர் அறிவிக்க மறுக்கிறார். திருவிழாவுக்கு முன் அறுவடை கூடாது என்பதால் விளைந்த கிழங்கு மண்ணிலேயே கெடுகிறது. அப்போது தேவாலய உபதேசியார் குட்கன்ட்ரி சொல்கிறார்: காணிக்கையைத் தேவாலயத்துக்குக் கொண்டுவருபவர் பயமின்றி அறுவடை செய்யலாம். இதைப் பசியின் கணக்காகப் படிக்கச் சொல்லுங்கள். புனிதப் பாம்பைக் கொல்லும் யோசனையை எதிர்ப்பவர் மோசஸ் உனச்சுக்வு என்ற கிறிஸ்தவர் என்பதும் தேர்வில் கேட்கத் தக்கது.

கூகி வா தியாங்கோவின் ‘தி ரிவர் பிட்வீன்’ (1965) சுருக்கமாகப் போதும். கதை நடக்கும் கமேனோ, மகுயு இரண்டும் கென்யாவின் கிக்குயு மக்கள் வாழும் மலைமுகடுகளே. பெண் விருத்தசேதனத்தைக் கைவிடும்படி மிஷன்கள் நிர்ப்பந்தித்த 1929ஆம் ஆண்டு நெருக்கடியைப் பின்னணியாகக் கொடுங்கள். இரண்டு குலங்களின் சண்டையாக அதை நடத்தவே முடியாது.

கடைசியாக ருவாண்டா. இதை விட்டால் பாடம் முடமாகும். அங்குள்ள ஹுட்டு, டுட்சி என்ற இரு பிரிவினர் மொழியும் கின்யாருவாண்டா. பெரும்பாலும் ஒரே கத்தோலிக்கத் திருச்சபை. இன அடையாள அட்டையை 1930களில் கொண்டுவந்தது பெல்ஜிய ஆட்சி. 1994இல் டுட்சிகள் மீதான இனப்படுகொலையின்போது ந்யமாதா, ந்தராமா தேவாலயங்களில் தஞ்சம் புகுந்தவர்கள் அங்கேயே கொல்லப்பட்டார்கள். ஸ்கொலாஸ்டிக் முகாசொங்கா கன்னியர் நடத்தும் பள்ளி ஒன்றைப் பற்றி எழுதிய நாவலில் (2012) டுட்சி மாணவிகளுக்கு இடஒதுக்கீட்டு வரம்பு பத்து விழுக்காடு. மாதா சிலையின் மூக்கு டுட்சி மூக்கு போலிருக்கிறது என்று அதை மாற்றக் கிளம்புகிறாள் ஒரு மாணவி. அபத்தம்தான், ஆனால் கொலைக்கு முன் அபத்தம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பகுதி கிடைப்பது கடினம்.

எனவே அந்தப் பழைய கேள்வியை எடுத்துவிட்டு இவற்றில் ஒன்றை வையுங்கள்: ‘தேவாலயத்துக்கு முதலில் போகிறவர்கள் யார், ஊரில் அவர்கள் இழந்தது என்ன?’ ‘உமுவாரோவில் நிலத்துக்குத் தீர்ப்புச் சொன்னவர் யார், அறுவடைக்கு வழி சொன்னவர் யார்?’ விடைக்கு நாவலிலிருந்து குறைந்தது மூன்று நிகழ்வுகள் கட்டாயம். வெறும் ‘காலனியம்’ என்று எழுதினால் மதிப்பெண் இல்லை.

இப்படிக்கு,
ஆப்பிரிக்க இலக்கிய வாசகர்கள் சிலர்