கைகொடுத்தவர்களுக்கும் மறித்தவர்களுக்கும்: ஒரு நத்தார் நன்றி மடல்

அன்புள்ள உறவுகளே,

வட்டக்கச்சிப் பக்கத்துத் தாய்மார் நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து, தத்தி நடக்கிற பிள்ளை தொடக்கம் முன்பள்ளிக்குப் போகிற பிள்ளை வரைக்கும் ஒரு நத்தார் உலா ஒழுங்கு செய்தது உங்களில் பலருக்குத் தெரியும். நல்லபடியாக முடிந்தது. ஒருவருக்கும் காய்ச்சல் தடிமன் இல்லை. காசு தந்தவர்கள், சாமான் தந்தவர்கள், ஓடித்திரிந்தவர்கள் எல்லோருக்கும் முதற்கண் நன்றி. பெயர் போடவேண்டாம் என்று கனபேர் சொன்னபடியால் ஒருவர் பெயரும் போடவில்லை. ஆனால் "உது வேண்டாம் பிள்ளை" என்று எங்களை மறித்தவர்களுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. இந்த மடலில் பாதி அவர்களுக்குத்தான்.

முதற்பட்டியலில் மடு மாதா கோவில் இருந்தது, இரணைமடு இருந்தது, முல்லைத்தீவுக் கடற்கரையும் இருந்தது. மடுவைப் பட்டியலிலிருந்து வெட்டியவர் பஸ் ஓட்டுகிற அண்ணை. ஓட்டம் நீண்டால் லாபம் அவருக்குத்தான், என்றாலும் அவர் சொன்னது இது: "ரெண்டு வயசுப் பிள்ளை மடியில எவ்வளவு நேரம் இருக்கும் தங்கச்சி? மடுவுக்கு ஆடித் திருவிழாவுக்கோ ஆவணித் திருவிழாவுக்கோ குடும்பமாப் போங்கோ." இரணைமடுவை வெட்டியவர் குளத்தில் மீன்பிடிக்கிற ஐயா. மாரியில் வான்கதவு திறந்தால் கிளிநொச்சியே திரண்டு பார்க்கப் போகும். "கையை உதறிப்போட்டு ஓடுற வயசு. அணைக்கட்டில எத்தினை கையைப் பிடிப்பியள்?" என்று கேட்டார். எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை.

கடற்கரை பற்றிய கதையை முடித்துவைத்தவர் முள்ளியவளையிலிருந்து வந்து எங்கள் ஊரில் இருக்கிற ஒரு அம்மம்மா. மார்கழிக் கடல் கொந்தளிப்பு என்பது ஒருபக்கம். 2004 டிசெம்பர் 26 சுனாமி மற்றப்பக்கம். உலாவை நத்தாருக்கு அடுத்தநாள் வைப்போமா என்று ஒருவர் கேட்டபோது அவர் ஒன்றும் பேசவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டார். திகதியை நாங்கள் முன்னுக்குத் தள்ளி, நத்தாருக்கு முந்தின திருவருகைக் காலத்துச் சனிக்கிழமை ஒன்றில் வைத்தோம். அந்த அம்மம்மாதான் அன்று விடிய முதல் ஆளாக வந்து நின்றவர்.

எல்லாம் வெட்டுப்பட்டு மிஞ்சினது ஒரு ரயில் பயணம், அதுவும் ஒரே ஒரு தரிப்பிடம்: கிளிநொச்சியில் ஏறிப் பரந்தனில் இறங்குவது. சனம் குறைந்த நேரத்தைச் சொல்லித்தந்து, பெட்டியில் ஏற ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கித்தந்த நிலைய ஊழியர்களுக்கு எங்கள் நன்றி. ஓட்டோ அண்ணைமார் வெற்று ஓட்டோவோடு பரந்தனுக்கு ஓடிவந்து காத்துநின்று எங்களைத் திருப்பிக் கூட்டிவந்தார்கள். பெற்றோல் காசு கூட வாங்கவில்லை. 1990இல் நின்ற ரயில் 2013 செப்டெம்பரில்தான் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. அதனாலோ என்னவோ, யன்னலோரம் இடம்பிடித்தது பிள்ளைகளில்லை, அம்மம்மாமார்.

பாலன் குடில் விசயத்தில் பங்குத்தந்தைக்குத் தனியாக எழுதவேண்டும். கோவில் குடிலில் இருப்பது சாந்துச் சிலைகள், தொட்டால் உடையும். எங்கள் பிள்ளைகளோ தொடாமல் ஒன்றையும் பார்க்காத பிள்ளைகள். "அசிசி பிரான்சிஸ் 1223இல கிரேச்சியோவில குடில் வைக்கேக்க உண்மையான மாட்டையும் கழுதையையும்தான் கொண்டந்து விட்டவர். உங்கட ஊரில மாடு இல்லையோ?" என்று ஃபாதர் கேட்டார். கழுதைக்கு மன்னாருக்குப் போகவேண்டும், மாட்டுக்குப் பஞ்சமில்லை. பட்டிக்காரத் தம்பி ஒருவர் சாணி அள்ளிக் கழுவி, சாதுவான பசு ஒன்றையும் கன்றையும் பிரித்துக் கட்டி, வைக்கோல் விரித்துத் தந்தார். கன்று ஒரு பொடியனின் கையை நக்கியதும் அவன் கையைப் பார்த்தான், கன்றின் நாக்கைப் பார்த்தான், பிறகு மற்றக் கையையும் நீட்டினான். அந்த இடத்தை விட்டு அவனைக் கிளப்பப் பட்ட பாடு தாய்க்குத்தான் தெரியும்.

பாலனை 24ஆம் திகதி இரவுப் பூசைக்குத்தான் குடிலில் வைப்பது வழக்கம். தையல் அக்கா துணியில் தைத்துத் தந்த பாலனை அதற்கு முதலே பிள்ளைகளிடம் கொடுக்கலாமோ என்று சிலருக்குத் தயக்கம். ஃபாதர் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். பாலன் அன்று முழுக்க ஒரு காலில் பிடித்து இழுபட்டும், ஓராட்டப்பட்டும், வாழைப்பழம் தீத்தப்பட்டும் கிடந்தார். ஆடுகளைச் செய்துதந்தவர் தச்சுவேலை ஐயா. வேப்பங்கட்டையில் கைமுட்டியளவில் செதுக்கி, சிலாம்பு இல்லாமல் அரத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ற் அடிக்காமல் தேங்காயெண்ணெய் மட்டும் பூசியிருந்தார்.

ஆட்டின் பருமனைத் தீர்மானித்தது குடும்பநல உத்தியோகத்தர் மிஸ்தான். ரொய்லெட் பேப்பர் சுற்றிவரும் மட்டைக் குழாய் ஒன்றோடு வந்து, எங்கள் சாமான்களை ஒவ்வொன்றாக அதற்குள் போட்டுப் பார்த்தார். உள்ளே போகிறதெல்லாம் பிள்ளையின் தொண்டைக்கும் போகும் என்பது கணக்கு. மணி போச்சு, நட்சத்திரம் போச்சு, கடையில் வாங்கின குட்டி ஆடுகளும் போச்சு. முறிகண்டிக் கச்சானையும் மறித்தார், ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கச்சான் கூடாதாம். எங்களுக்குக் கவலைதான், பெரியாக்கள் ஒளித்துத் தின்றோம். வெடித்த பலூன் துண்டு பிள்ளையின் வாய்க்குள் போனால் மூச்சையே அடைக்கும் என்று பலூனும் நின்றது. 1990 அம்புலன்ஸ் இலக்கத்தைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டுத்தான் போனார். சந்தையடிக் கடைக்கார அண்ணை அதைக் கேள்விப்பட்டு, லைற் எரிகிற தொப்பிகளைத் தானாகவே திருப்பி எடுத்தார். அதற்குள் இருப்பது பொத்தான் பற்றரி; விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கக்கூடியது. பதிலுக்கு றப்பர் பந்து தந்தார், விலையைக் குறைத்து.

நத்தார் தாத்தா வேடம் போட்டவர் ஓட்டோ அண்ணைமாரில் ஒருவர். தாடியோடு திடீரென்று வந்தால் பிள்ளைகள் அலறும், வருசா வருசம் எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறோம். பிள்ளை வீரிட்டு அழ, பெரியாக்கள் சிரித்துப் படமெடுப்பதில் என்ன பகிடி இருக்கிறதோ எனக்கு விளங்குவதில்லை. இவர் சறத்தோடும் சேட்டோடும் வந்து பாயில் இருந்தார். பந்து உருட்டினார். பிறகு எல்லோரும் பார்க்கப் பார்க்கச் சிவப்புச் சட்டையைப் போட்டார், தொப்பியைப் போட்டார், கடைசியாகத்தான் தாடி. ஒரு சின்னவள் எழுந்துபோய் அந்தத் தாடியைப் பிடுங்கி, தொப்பியைக் கழற்றி, அவருடைய வழுக்கையில் தாடியை வைத்துவிட்டு "இப்ப சரி" என்றாள். அவரும் மிச்ச நேரம் முழுக்க அப்படியே இருந்தார்.

சமையல் முழுக்கச் சைவம். பிள்ளையாருக்குப் பெருங்கதை விரதம் 21 நாளும் பிடிக்கிற அம்மம்மாமார் சிலர் எங்களோடு நின்றபடியால் கேக்குக்கும் முட்டை போடவில்லை. பருப்பும் பூசணிக்காயும் போட்டுக் குழைத்த சோறு பதினொரு மணிக்கே தயார், பன்னிரண்டுக்குப் பிள்ளைகள் நித்திரை. மழைக்குப் படங்கு கட்டினதும், முதல்நாள் வளவில் கிடந்த சிரட்டை, ரின் எல்லாம் பொறுக்கி நுளம்புக்கு இடமில்லாமல் செய்ததும் விளையாட்டுக்கழகப் பொடியள்.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிய உறவுகளே, "அன்பளிப்பு: இன்னார்" என்று பதாகை கட்டவேண்டாம், பிள்ளைகளின் முகப்படமும் வேண்டாம் என்று நீங்களே சொன்னீர்களே, அது பணத்தை விடப் பெரிய உதவி. கணக்கு ஆலய அலுவலகத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு அறிவித்தல். பெரிய அலுமினியச் சட்டியின் மூடி ஒன்று, இடதுகால் சிவப்புச் செருப்பு ஒன்று, யாருடையதென்று தெரியாத ஒரு பால்போத்தல், இந்த மூன்றும் தையல் அக்கா வீட்டில் இருக்கின்றன. வேப்பங்கட்டை ஆடு ஒன்றைக் காணவில்லை. எடுத்துக்கொண்டுபோன பிள்ளையே வைத்திருக்கட்டும் என்று ஐயா சொல்லிவிட்டார்.

நன்றியுடன்,
பெற்றோர் சார்பாக ஒரு தாய்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.