பிரீட்ரிக்ஸ்திராச நிலையத்தில் உன் சித்தப்பா

அன்பு மச்சான்,

நான் நல்ல சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ குறைந்திருக்கிறதாம், தங்கச்சி சொன்னாள். சந்தோசம். பரீட்சை முடிந்துவிட்டது. வட்ஸ்அப்பில் நாலு வரிக்கு மேல் எழுதினால் நீ வாசிக்கமாட்டாய், அதனால்தான் கடிதம்.

வகுப்புப் பெடியளோடு பேர்லின் போய் வந்தேன். பிரண்டன்பேர்க் வாசல், பாராளுமன்றத்தின் கண்ணாடிக் கூரை எல்லாம் பார்த்தாயிற்று. நீ கேட்ட பபிலோன் வாசல் கிடைக்கவில்லை. பெர்கமொன் நூதனசாலை திருத்த வேலைக்காக 2023 இலிருந்து முழுதாகப் பூட்டியிருக்கிறது. கோபிக்காதே, எகிப்து அரசி நெபர்தித்தியின் சிலையைப் பார்த்தேன். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சொல்ல வந்தது வேறு. பேர்னவர் தெரு என்று ஒன்று. அப்போது பேர்லின் கிழக்கு, மேற்கு என்று இரண்டாக இருந்தது. 1961 ஆகஸ்ட் 13 இல் கிழக்கு ஜேர்மனி எல்லையை மூடிச் சுவர் எழுப்பத் தொடங்கியபோது அங்கே ஒரு பக்கத்து வீடுகள் கிழக்கில், வாசலுக்கு வெளியே நடைபாதை மேற்கில். கதவை அடைத்ததும் சனம் ஜன்னலால் குதித்தது. ஈடா சீக்மன் என்ற அம்மா போர்வைகளையும் சில சாமான்களையும் கீழே எறிந்துவிட்டுக் குதித்துச் செத்துப்போனார். இந்தச் சுவரில் செத்த முதல் ஆள் அவர்தான்.

அடுத்த நாள் பிரீட்ரிக்ஸ்திராச ரயில் நிலையம் போனோம். பக்கத்திலேயே கிழக்கிலிருந்து மேற்குக்குப் போகிறவர்களைச் சோதித்த மண்டபம். கண்ணீர் மாளிகை என்று பெயர், இப்போது இலவசக் கண்காட்சி. கடவுச்சீட்டு பார்த்த கூண்டு அப்படியே இருக்கிறது. ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய ஒடுக்கமான வழி. ஒரு பக்கம் அதிகாரியின் கண்ணாடி, மற்றப் பக்கம் வெறும் சுவர். அதற்குள் நின்றபோதுதான் மச்சான், உன் சித்தப்பா ஞாபகம் வந்தார்.

மொஸ்கோவால் வந்து கிழக்கு பேர்லினில் இறங்கி ரயில் ஏறினேன் என்று அவர் சொல்லுவார், நினைவிருக்கா? நாங்கள் சிரித்துவிட்டுக் கிரிக்கெட் விளையாடப் போய்விடுவோம். எண்பதுகளில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேருக்கு அதுதான் பாதை. ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினால் கிழக்கு ஜேர்மன்காரன் கடந்து போக விசா கொடுப்பான். மேற்குப் பக்கத்தில் கேள்வி இல்லை, ஏனென்றால் அங்கே சோதனை போட்டால் அதை எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். சொந்தச் சனம் ஜன்னலால் குதித்துச் சாக, எங்கள் ஆட்கள் அதே சுவரைப் பத்திரத்தோடு கடந்திருக்கிறார்கள். நன்மைக்காகத் திறந்த கதவும் இல்லை. 1985 இல் மேற்கு நெருக்க, தமிழருக்கு மட்டும் முதலில் அதை அடைத்தார்கள். எங்களை நடுவில் வைத்து இரண்டு அரசுகளும் பேரம் பேசியிருக்கின்றன. படிக்கப் படிக்க வயிறு எரிந்தது.

பிறகு அதே பாதையில் ரயில் ஏறினேன். ஸ்பிறே ஆற்றைக் கடந்து அடுத்த தரிப்பிடம் மேற்கு. பக்கத்தில் இருந்த பெடியன் பாணைச் சாப்பிட்டு முடிக்க முன் வந்துவிட்டது. பையில் ஒரு சேட்டும் தெரியாத மொழியுமாக அவர் அந்தக் கொஞ்ச நேரம் என்ன நினைத்திருப்பார்?

சித்தப்பா நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார்தானே? ஒரு பின்னேரம் பிடித்து இருத்தி, போனில் பதிவு செய். கூண்டில் என்ன கேட்டார்கள், கூட வந்தது யார், அந்தப் பக்கம் இறங்கி முதலில் எங்கே போனார், எல்லாம் கேள். பாரிசுக்கு எப்படிப் போனார் என்பதை மட்டும் நீயாகக் கேட்காதே, விருப்பமென்றால் அவரே சொல்லட்டும். சந்திக் கடை மாமாவும் காலமாகிவிட்டார், அவரும் இதே வழியால் வந்தவர். ஒருவரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை.

சித்தப்பாவுக்கு அந்த மண்டபத்தின் படங்களைக் காட்டு. அவர் வாயைத் திறக்க அதுவே போதும். என்ன சொன்னார் என்று உடனே எழுது.

உன்,
கண்ணாடி