2024–25 ஆண்டறிக்கை: ரயில் பாதையோர மரங்களும் நம் சங்கமும்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு 9 முறை கூடியது. 11 குடும்பங்கள் புதிதாகச் சேர்ந்துள்ளன. நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்கள் இருவருக்கும் இந்தக் கூட்டம் அஞ்சலி செலுத்துகிறது. தெருவிளக்கு, குடிநீர் விவரங்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன, வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். என் அறிக்கையின் பெரும்பகுதி ரயில் மதிலை ஒட்டிய மரங்களைப் பற்றியது. இந்த ஆண்டு நம் உழைப்பில் பாதிக்கு மேல் அங்கேதான் போனது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு காலை. முந்தின இரவு நல்ல மழை. கடைசித் தெருவில் ஒரு வீட்டுப் பையன் மதில் மேல் ஏறி நின்று, இரும்புக் கொக்கி போட்ட துரட்டியால் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தான். மரம் மதிலுக்கு அந்தப் பக்கம், ரயில்வே இடத்தில். அதன் உச்சிக்கிளை மின்கம்பிக்கு எட்டிவிடும் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. தண்டவாளத்தைச் சோதித்தபடி வந்த கீமேன், தோளில் இருந்த சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, "தம்பி, அப்படியே கீழ விடு! துரட்டிய விடு!" என்று கத்தினார். பையன் விட்டான். அன்று அவர் அந்த நேரத்துக்கு வராமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு நடுங்குகிறது.

அந்தக் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். வீட்டு மின்சாரத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேல். அதைத் தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே பாயும். அதனால்தான் மின்சாரத்தை நிறுத்தாமல் 2 மீட்டருக்குள் யாரும் போகக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். ஈரக் கிளையும் ஈரத் துரட்டியும் மின்சாரத்துக்கு நல்ல பாதை. கிளை கம்பியில் பட்டால் அந்தப் பகுதி முழுவதும் மின்சாரம் டிரிப் ஆகி, வரும் வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.

கீமேனுக்கு மதிலுக்கு மேலாகத் தேநீர் கொடுத்தோம். அப்போது அவர் காட்டிய பிறகுதான் நாங்கள் இன்னொன்றைப் பார்த்தோம். ஜல்லிக்கும் மதிலுக்கும் நடுவே அவர் நடக்கிற ஒற்றையடிப் பாதையை, சீமைக்கருவேலமும் எருக்கும் கொடிகளும் தின்றுவிட்டிருந்தன. "ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வண்டி வந்தா நான் எங்க சார் ஒதுங்குறது? முள்ளுக்குள்ளயா?" என்றார். இத்தனை வருடம் அந்த மதிலோரம் குடியிருந்தும், பாம்பு வருமே என்றுதான் நாம் புதரைப் பார்த்துப் பயந்தோம். அந்த மனிதருக்கு ஒதுங்க இடம் இல்லாமல் போனது நம் கண்ணில் படவே இல்லை.

செப்டம்பரில் 14 பேர் சேர்ந்து, மதிலுக்கு இந்தப் பக்கமாகவே நடந்து கணக்கெடுத்தோம். மரமோ புதரோ ஆபத்தாக நிற்கும் 23 இடங்கள் தேறின. ஒவ்வொரு மின்கம்பத்திலும் கிலோமீட்டரும் வரிசை எண்ணும் எழுதியிருக்கும். 'பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால்' என்று எழுதாமல் அந்த எண்ணையே எழுதினோம். அப்புறம்தான் வேலை நகர்ந்தது. ஓர் இடத்தில் தூங்குமூஞ்சிக் கிளை சிக்னலையே மறைத்திருந்தது. டிரைவர் அந்த விளக்கைத் தூரத்திலிருந்தே பார்த்தால்தான் வேகத்தைக் குறைக்க முடியும், மின்ரயில் பிரேக் போட்ட இடத்தில் நிற்காது. 23-இல் 9 மரங்கள் நம் ஆட்களே வைத்தவை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மனு கொடுத்தது தனிக் கதை. ரயில்வேயில் தண்டவாள ஓரத்து மரத்தைப் பார்ப்பது ஒரு பிரிவு, மின்கம்பிக்கு மேல் உள்ள கிளை ஒரு பிரிவு, சிக்னல் இன்னொரு பிரிவு. மரம் யார் இடத்தில் நிற்கிறது என்று கேட்டு ஒரு அலுவலகம் எங்கள் கடிதத்தைத் திருப்பியும் அனுப்பியது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 14-ஆவது பிரிவை எடுத்துக்காட்டி மறுபடி எழுதினோம். தண்டவாளத்தில் விழக்கூடிய மரத்தையும் சிக்னலை மறைக்கும் மரத்தையும் அகற்ற நிர்வாகத்துக்கு அந்தப் பிரிவு அதிகாரம் தருகிறது. அக்டோபரில், கடைசி வண்டி போன பிறகு இரண்டு இரவுகளில் வேலை நடந்தது. நானும் இணைச் செயலாளரும் மொட்டை மாடியிலிருந்து பார்த்தோம். மின்சாரத்தை நிறுத்தியதும் ரயில்வே ஊழியர்கள் ரம்பத்தை எடுக்கவில்லை. நீண்ட கழியைக் கம்பியில் மாட்டி, மிச்ச மின்சாரம் தரையில் இறங்கும்படி செய்த பிறகுதான் முதல் கிளையில் கை வைத்தார்கள். வேலை தெரிந்தவர்களே இவ்வளவு பார்த்துச் செய்யும் இடத்தில் நாம் அரிவாளோடு போகலாமா?

எல்லா மரத்தையும் அடியோடு வெட்டிவிடச் சொல்லலாமே என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேட்டுச் சரிவின் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது வேர்தான். கம்பிக்கு எட்டாத வேம்பும் பூவரசும் நிற்கட்டும். சீமைக்கருவேலத்தை மட்டும் கிளை கழித்துப் பயனில்லை, கட்டையிலிருந்தே மறுபடி கிளம்பிவிடும். வால்பாறைப் பக்கம் சொந்தம் உள்ள உறுப்பினர் ஒருவர் கோவை–பாலக்காடு ரயில் வழியில் உள்ள மதுக்கரை–வாளையாறு பாதையைப் பற்றிச் சொன்னார். அங்கே தண்டவாள ஓரப் புதரை வெட்டுவதே டிரைவர் கண்ணுக்கு யானை தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இங்கேயும் காற்றும் மழையும் பலமாக இருந்தன. 2016 டிசம்பர் 12-இல் வர்தாவில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததையும் மின்ரயில்கள் நின்றதையும் பார்த்தவர்கள் நாம், அன்று இரவு யாரும் தூங்கவில்லை. விடிந்து பார்த்தால், கழித்துவிட்ட மரங்களில் ஒன்றுகூடச் சாயவில்லை. நம் பட்டியலில் விட்டுப்போன, காலி மனையில் நின்ற ஒரு வாதநாராயணன் மதில் மேல் விழுந்து கிடந்தது. தண்டவாளம் வரை எட்டவில்லை. அந்த மனையைப் பட்டியலில் சேர்க்காதது என் தவறு.

மார்ச்சில் மதிலோரக் காய்ந்த புல்லில் யாரோ குப்பையைக் கொளுத்த, தீ அந்தப் பக்கம் தாவியது. சிக்னல் கேபிள்கள் தண்டவாளத்தை ஒட்டித்தான் போகின்றன. வாளித் தண்ணீரோடு ஓடிவந்து அணைத்த நான்காம் தெருப் பெண்களுக்குச் சங்கத்தின் நன்றி.

முருங்கையை வைத்த பாட்டியிடம் மரத்தை எடுக்கப் போகிறார்கள் என்று சொன்னபோது கண் கலங்கினார். வெட்டிய கிளையிலிருந்து மூன்று போத்துகளை வாங்கி, பூங்காவின் தெற்கு மூலையில் நட்டோம். மூன்றும் துளிர்த்துவிட்டன. இப்போது காய் பறிக்க யாரும் மதில் ஏற வேண்டாம்.

இந்தப் பணிக்கு நகல், தேநீர், கன்றுகள் எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய் செலவானது.

அடுத்த கணக்கெடுப்பு ஆகஸ்ட் 3 ஞாயிறு காலை 6.30-க்குப் பூங்கா வாசலில் தொடங்கும். நோட்டும் பேனாவும் போதும், கத்தி, துரட்டி எதுவும் வேண்டாம். மதிலைத் தாண்டக் கூடாது, அது சட்டப்படியும் குற்றம். கம்பியில் கிளை உரசினாலோ தீப்பொறி தெரிந்தாலோ உடனே 139-க்கு அழைத்துக் கம்ப எண்ணைச் சொல்லுங்கள், பிறகு எனக்குச் சொல்லலாம். கடைசித் தெருவுக்கு இன்னும் இரண்டு பேர் தேவை. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் இணைச் செயலாளரைப் பாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்