நேலப்பட்டுக்கு வா, வசந்தி

சூலூர்பேட்டை,
தை 6

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்தது. அவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவன் தடாவில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டான்.

போன ஞாயிறு நேலப்பட்டு பறவைகள் ஏரிக்குப் போயிருந்தேன். சுமார் இருபது கிலோமீட்டர்தான், ஆனாலும் இருட்டோடு கிளம்பிப் போனது இதுதான் முதல் தடவை. பனி அப்படி இறங்கியிருந்தது. ஏரி கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. வளர்ந்த கூழைக்கடா, அதுதான் பெலிகன், அநேகமாக வாயே திறக்காதாம். கத்துவதெல்லாம் குஞ்சுகள்.

பனி விலக விலக, தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மரத்துக்கு மரம் கூடு. தாய் அலகைத் திறந்ததும் குஞ்சு தலையை முழுக்கத் தொண்டைப் பைக்குள் விட்டு மீனை எடுக்கிறது. எனக்குப் பயமாகக்கூட இருந்தது, அப்படி உள்ளே போகிறது! நத்தைகுத்தி நாரை, வக்கா, நீர்க்காகம் எல்லாம் பக்கத்திலேயே குடித்தனம்.

வெயில் ஏறியதும் பெரியவை கிளம்பிக் கிழக்கே பழவேற்காடு ஏரிப் பக்கம் போயின. இரை அங்கே, பிள்ளைகள் இங்கே. விடியலில் ரயிலேறி மெட்ராஸ் வேலைக்குப் போன உன் அப்பா ஞாபகம் வந்தது எனக்கு.

கரையில் ஒரு விவசாயி தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர்தான் அவர் நெல்லுக்கு உரமாம். 1976இல் சரணாலயம் ஆக்கினார்கள். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் பறவையைத் தங்கள் வீட்டு விருந்தாளி போலத்தான் பேசுகிறார்கள்.

அப்புறம் பழவேற்காடு ஏரிக்குள்ளேயே போகும் ஸ்ரீஹரிகோட்டா ரோட்டுக்கு வந்தேன். இரண்டு பக்கமும் பூநாரை! தலையைக் கவிழ்த்து, காலால் சேற்றை மிதித்துக் கலக்கி, வடிகட்டித் தின்கின்றன. நடுவில் சாம்பல் நிறத்தில் நிற்பவற்றை வேறு ஜாதி என்று நாம் சண்டை போடுவோமே, அவை இளசுகள், வசந்தி. தின்கிற பாசியிலும் சின்ன இறாலிலும் இருக்கும் நிறம் சில வருஷத்தில் மேலே ஏறித்தான் சிவக்கின்றன. இங்கே முட்டையிடுவதும் இல்லை. நம் நாட்டில் பூநாரை பெருங்கூட்டமாகக் கூடு கட்டுவது குஜராத்தில், கட்ச் உப்புவெளியில்.

எனக்கு ஒரே கவலை தண்ணீர்தான். பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் கடல் உள்ளே வராது. மழையும் பொய்த்தால் இந்த வடக்குப் பக்கம் வெடித்த தரையாகிவிடும். அதைப் பார்த்த வருஷங்கள் மனசில் அப்படியே இருக்கின்றன.

அதனால் தள்ளிப்போடாதே. மாசி பாதிக்குள் வா, குஞ்சுகள் இன்னும் கூட்டில் இருக்கும். டாக்டர் சரி என்றால் அவரையும் அழைத்து வா, புதுக்கண்ணால் பார்க்கட்டும். மருமகள் பைனாகுலர் வாங்கித் தந்திருக்கிறாள், மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். சால்வை மறக்காதே, ஏரிக்கரைக் குளிர் காதைக் கடிக்கிறது.

உன்,
கமலா