படம் பார்க்க வந்த அக்காக்களுக்கும் அனுப்பி வைத்த வீடுகளுக்கும்

முதல் நன்றி, அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் பாத்திரத்தைத் தாங்களே துலக்கிக்கொண்ட வீட்டுக்காரர்களுக்கு. கிருஷ்ணகிரியில் வீட்டு வேலை பார்க்கும் அக்காக்களுக்கு ஞாயிறுதான் வேலை அதிகம். கறி எடுப்பார்கள், விருந்தாளி வருவார்கள், பாத்திரம் குவியும். "மத்தியானம் படம் போடுகிறோம், சம்பளம் பிடிக்காமல் அனுப்பி வையுங்கள்" என்று வீடு வீடாகக் கேட்டபோது சிலர் யோசித்தீர்கள். ஆனாலும் அனுப்பினீர்கள். ஒரு சிலர் கூடவே வந்து, நாற்காலி வேண்டாம் என்று சொல்லி, பாயில் அவர்களோடு உட்கார்ந்தீர்கள். அதை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை.

ஜூன் 16 சர்வதேச வீட்டுப் பணியாளர் தினம். 2011-ல் அதே தேதியில்தான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வீட்டு வேலை செய்பவர்களுக்கும் வார ஓய்வு, நியாயமான வேலை நேரம் எல்லாம் உண்டு என்று 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. இதையெல்லாம் மேடை போட்டுப் பேசினால் கேட்க யாருக்குப் பொறுமை இருக்கும்? அதனால் ஜேம்ஸ் எல். புரூக்ஸ் இயக்கி 2004-ல் வெளிவந்த ‘ஸ்பாங்லிஷ்’ படத்தைப் போட்டோம். மெக்சிகோவிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து, ஒரு வசதியான வீட்டில் வேலைக்குச் சேரும் ஃப்ளோர் என்ற பெண்ணின் கதை அது.

படம் முழுக்க மைக்கைப் பிடித்துத் தமிழில் வசனம் சொன்ன கல்லூரிப் பாப்பாவுக்கு எப்படி நன்றி சொல்வது! தொண்டை கட்டிய பிறகும் விடவில்லை. இங்கிலீஷ் தெரியாத ஃப்ளோர் முதலாளியோடு சண்டை போட, அவள் மகள் நடுவில் நின்று அம்மாவின் கையாட்டலோடு சேர்த்து இங்கிலீஷில் அப்படியே ஒப்பிக்கும் காட்சியில் பாப்பாவும் கையை ஆட்டிவிட்டாள். மண்டபமே சிரித்தது. வீட்டில் தெலுங்கு பேசும் பெரியம்மாக்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காதில் கதை சொன்ன பேத்திகளுக்கும் நன்றி.

படத்தில், தன் மகள் இளைக்கட்டும் என்று ஒரு சைஸ் சின்னதாகவே சட்டை வாங்கி வருகிறாள் வீட்டுக்காரி. அந்தப் பெண் முகம் வாடிப் போகிறது. ராத்திரியோடு ராத்திரியாக ஃப்ளோர் தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியை விட்டுத் தைத்து, "போட்டுப் பார்" என்கிறாள். கார்மெண்ட்ஸில் வேலை பார்த்த ஓர் அக்கா எழுந்து நின்றே கை தட்டினார். முதலாளி வீட்டுப் புருஷன் பெண்டாட்டி கதைக்கு இயக்குநர் இத்தனை இடம் கொடுத்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். அங்கே பலர் காபிக்கு எழுந்து போனார்கள்.

ஆனால் தாயைக் கேட்காமலே அவள் மகளை வீட்டுக்காரி கூட்டிப் போய் முடிக்குக் கலர் அடித்துவிடும் இடத்தில் யாரும் பேசவில்லை. படம் முடிந்ததும் பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது. ஓர் அம்மா தன் வீட்டில் வேலை செய்பவரைப் பார்த்து, "உன் பொண்ணை டியூஷன்ல நானும் உன்னைக் கேக்காமத்தானே சேர்த்துவிட்டேன்?" என்றார். "சேர்த்தது நல்லதுதாம்மா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா இன்னும் சந்தோஷமா இருந்திருக்கும்" என்றார் அந்த அக்கா. அத்தனை பேர் முன்னால் கேட்க ஒரு மனசு வேண்டும், பதில் சொல்லவும் ஒரு தைரியம் வேண்டும். உங்கள் இருவருக்கும் என் கும்பிடு.

அப்புறம், வாடகை வாங்காத மண்டபத்துக்காரர், கரண்ட் போனதும் ஓடிப்போய் ஜெனரேட்டர் போட்ட சவுண்ட் சர்வீஸ் தம்பி, சீசன் நேரத்தில் மண்டியை விட்டு வந்து, கூடை கூடையாகச் செந்தூரா பழம் இறக்கிய அண்ணன், கடைசி ஆள் வரைக்கும் சுக்கு காபி ஊற்றிய பெரியவர், எல்லோருக்கும் நன்றி.

வீட்டுப் பணியாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007-லிருந்து தனி நல வாரியம் இருக்கிறது. வந்தவர்களில் பலர் அன்றுதான் கேள்விப்பட்டார்கள். பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் உண்டு. பதிவு செய்திருந்தால்தான் கிடைக்கும். படம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், இருட்டும் வரை போனிலேயே விண்ணப்பம் போட்டுக் கொடுத்த தம்பிகளே, நீங்கள் செய்தது பெரிய காரியம். விட்டுப் போன அக்காக்கள் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் மூன்றையும் எடுத்துக்கொண்டு வரும் ஞாயிறு அதே மண்டபத்துக்கு வாருங்கள். தம்பிகள் இருப்பார்கள்.