ஒலி ஒத்தால் உறவாகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பின்லாந்து, எஸ்தோனிய மொழிகளின் பேய், தெய்வப் பெயர்களைத் தமிழோடு முடிச்சுப் போட்ட ஞாயிறு இணைப்புக் கட்டுரைக்கு ஒலி ஒற்றுமை ஒன்றுதான் சான்று. அது போதாது.

வீட்டைக் காக்கும் குறளியைப் பின்லாந்து மொழியான பின்னிஷில் 'தொந்த்து' என்பார்கள். சுவீடிஷில் 'தொம்த்' என்றால் வீட்டுமனை, மனையைக் காப்பவன் 'தொம்தே'. அங்கிருந்து வந்த சொல் இது. 1551இல் பின்லாந்துச் சமயச் சீர்திருத்தவாதி மிக்கேல் அக்ரிகோலா, விவிலியச் சங்கீதங்களின் பின்னிஷ் மொழிபெயர்ப்பு முன்னுரையில் தந்த தெய்வப் பட்டியலிலேயே இச்சொல் இருக்கிறது. சாத்தானைக் குறிக்கும் 'பெர்க்கெலே'யை, லிதுவேனிய இடித்தெய்வமான பெர்கூனாஸின் பெயரோடு தொடர்புடைய கடன்சொல் என்றே பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள்.

பறக்கும் நாகத்துக்கு 'லோஹிகேர்மே' என்று பெயர். அப்படியே பிரித்தால் சால்மன் மீன்-பாம்பு! மீனுக்கு அங்கே வேலையே இல்லை. பழைய சுவீடிஷில் 'ஃப்லோக்' என்று தொடங்கிய 'பறக்கும் நாகம்' என்ற சொல்தான் அது. பழைய கடன்சொற்களில் சொல்முதல் மெய்ம்மயக்கத்தை, அதாவது மெய்கள் அடுத்தடுத்து வருவதை, பின்னிஷ் ஏற்காது. கடைசி மெய்யை வைத்துக்கொண்டு மற்றதை உதிர்த்துவிடும். பள்ளியைக் குறிக்கும் சுவீடிஷ் 'ஸ்கோலா' அங்கே 'கோவ்லு' ஆனது. நம் ஊர்ப் பேச்சில் அதே சிக்கலுக்கு முன்னால் ஓர் உயிரைச் சேர்த்து 'இஸ்கூல்' என்கிறோம். 'ஃப்' உதிர்ந்தபின் மிஞ்சியதைத் தெரிந்த மீன்பெயராக மக்கள் கேட்டுக்கொண்டார்கள்.

'ஹீசி' வேறு வகை. எஸ்தோனியத்தில் 'ஹீஸ்' புனிதத் தோப்பு. பின்னிஷில் அது தீய பூதம். நம் பக்கத்துக் கோயில்காடுகளை அறிந்தவர்களுக்கு, இடத்தின் பெயர் அங்கே குடியிருப்பவருக்கு ஏறுவது புதிதல்ல. கிறிஸ்தவம் வந்தபின் தோப்பின் தெய்வம் பூதமாகிவிட்டது.

கட்டுரையாளர் சறுக்கியது 'மர்ராஸ்' என்ற சொல்லில். சாவையும் சாவின் அறிகுறியையும் குறிக்கும் அது 'மரணம்' போலவே ஒலிப்பது உண்மைதான். ஆனால் பின்னிஷ் அதை, வடமொழியும் சேர்ந்த இந்தோ-ஈரானியக் குடும்பத்திடம் வாங்கியது. நாம் மரணத்தை வடமொழியிலிருந்து வாங்கினோம். இருவரும் ஒரே குடும்பத்துக்குக் கடனாளிகள், உடன்பிறந்தவர்கள் அல்லர். நம் சொந்தச் சொல் 'சாவு'. நூறைக் குறிக்கும் பின்னிஷ் 'சதா'வும் நம் 'சத'மும் இப்படித்தான்.

மாறாக, சூடான கல்லில் நீர் ஊற்ற எழும் ஆவி பின்னிஷில் 'லோய்லு'; ஹங்கேரிய மொழியில் 'லேலெக்' என்றால் உயிர். இது அவ்விரு மொழிகளும் சேர்ந்த யூராலிக் குடும்பத்துப் பழஞ்சொல்.

இனி இத்தகைய கட்டுரை வெளியிடும்போது, ஒவ்வொரு சொல்லுக்கும் மிகப் பழைய வடிவத்தையும், அண்டை மொழிகளில் அதன் நிலையையும் கேட்டு வாங்கி அச்சிடுங்கள்.

— மொழியியல் ஆசிரியர்கள் சிலர்,
காட்பாடி, வேலூர்